தெரியாத நூற்று நாற்பத்தாறு கோப்புகள்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஒருவேளை' என்று பெயர். யாராவது ஒரு வேலையை முடித்து, அப்பாடா என்று நாற்காலியைப் பின்னால் தள்ளும் நேரம் பார்த்து, ஒருவேளை நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்பாள். ஒருவேளை கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால் என்பாள். தள்ளிய நாற்காலியை அவர்கள் மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். தேநீர் கொண்டுவருகிறவர் மட்டும் அந்தப் பெயருக்கு வேறு பொருள் எடுத்துக்கொண்டார். பாவம், ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் மேசையில் மட்டும் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்துவிட்டுப் போவார். அவளும் திருத்தவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. சட்டென்று எழுதி, சட்டென்று முடித்து, மதியமே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறவளாக இருந்தாள்.

அவர்களுடைய நிறுவனம் பேசும் நூலகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. கண் தெரியாதவர்களுக்காக யார் யாரோ வாசித்துப் பதிவு செய்த புத்தகங்களை ஒரு சர்வரில் அடுக்கி வைத்து, கேட்கிறவர் கேட்ட பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். அதைக் கொண்டுபோய் ஒவ்வொரு நூலகத்தின் சர்வரிலும் குடியேற்றிவைக்கும் ஸ்கிரிப்டை எழுதுவது அவள் வேலை. கணினிக்கு இடும் கட்டளைகள், நூறு இருநூறு வரிதான். அன்றைக்கு எழுதிய ஸ்கிரிப்டில், பழைய பதிப்பை அழித்துவிடு என்று ஒரு வரி இருந்தது. ஒலிப்பதிவுகள் இருக்கும் கோப்புறையின் பெயர், அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு, அதற்குப் பிறகு பழைய பதிப்பின் பெயர். இதை அழி என்று சொல்லியிருந்தாள். ஒரு நூலகத்தில் மட்டும் பழைய பதிப்புக்குப் பெயரே வைக்கப்படவில்லை. பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. சாய்கோட்டுக்கு முன்னால் இருந்தது மட்டும் மிஞ்ச, கணினி அதை எடுத்துக்கொண்டு, சொன்னதைச் செய்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களின் குரல் பதினேழு விநாடியில் போயிற்று.

பழைய வட்டுகளிலிருந்தும் வாசகர்கள் வீட்டில் வைத்திருந்த பிரதிகளிலிருந்தும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பதினொன்று மட்டும் திரும்பவில்லை. பதினொன்றும் ஒருவரே வாசித்தவை. அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர், தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிப் பேச்சு போய்விட்டவர். மறுபடி வாசியுங்கள் என்று கேட்க வழியில்லை.

அந்த நூலகத்தின் நூலகர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கும் கண் தெரியாது. இவள் வயதுப் பெண்தான். கத்துவார், கிழித்துத் தொங்கவிடுவார் என்று இவள் காதைத் தயார்செய்து வைத்திருந்தாள்.

"பதினோரு புத்தகம் வரல. நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன்," என்றார் நூலகர். அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள்.

இப்போது மென்பொருளின் புதிய பதிப்பு தயாராகியிருந்தது. அதே நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஆட்கள் யாரும் வரவேண்டாம், எங்கள் கட்டடத்தில் இணையமும் கிடையாது, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கிக் கொடுத்துவிடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார் நூலகர். கடைசியில் இன்னும் இரண்டு வரி: 'அது எதைச் செய்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். நான் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.'

மேலாளர் அதை வேறொருவருக்குக் கொடுக்கத்தான் இருந்தார். 'ஒருவேளை' தானாகப் போய், எனக்குக் கொடுங்கள் என்றாள். ஆறு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியும் கேட்டாள். மேலாளர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அவள் வீடு பகலில் தூங்கும் வீடு. கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். இரவெல்லாம் ஓட்டிவிட்டுக் காலையில் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார். அதற்கப்புறம் வீடு முழுக்க ஒரு மங்கல். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் வெளிச்சம் பச்சையாக, மெதுவாக அசையும். அவள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகியிருந்தாள். கதவைத் தூக்கிச் சாத்துவாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் துணியின்மேல் விழும்படி ஒரு துணி போட்டிருப்பாள். உள்ளறையிலிருந்து அவ்வப்போது தூக்கத்தில் அவர் குரல் வரும். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க," என்பார். அவள் தட்டச்சை நிறுத்திக் காத்திருப்பாள். பயணிகள் உள்ளே போய்விட்டார்கள் போல, மறுபடி குறட்டை கேட்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து அந்த மங்கல் அவளுக்குள்ளும் இறங்கிவிட்டது. மதியம் மேசையிலேயே தலை சாயும். கனவு வரும். எல்லாமே வீடு மாறுகிற கனவுகள்.

ஒரு கனவில் லாரியில் ஒரு வீட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசல் இருந்தது, கூடம் இருந்தது, சுவரில் கடிகாரம்கூட ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அறைக்குக் கதவைத் திறந்து கால் வைத்தால் கீழே ஒன்றுமில்லை. மீதி வீடு இன்னும் வந்து சேரவில்லை. விழுவதற்குள் விழித்துக்கொண்டாள். கன்னத்தில் விசைப்பலகையின் கட்டங்கள் பதிந்திருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே எழுதினாள்: ஸ்கிரிப்ட் எதையும் தொடுவதற்கு முன்னால், தான் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறேனா என்று தன்னையே எண்ணிப் பார்க்கட்டும். ஓர் எழுத்து குறைந்தாலும் அங்கேயே நிற்கட்டும்.

கோப்பின் அமைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. மேலே சில நூறு வரி ஸ்கிரிப்ட், அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மொத்த மென்பொருளும் மூட்டையாகக் கட்டி ஒட்டியிருக்கும். மேலே இருப்பது கீழே இருப்பதைப் பிரித்து எடுத்து வைக்கும். வெளியிலிருந்து ஒரு துரும்பும் வேண்டாம். எங்கே பிரிப்பது? தனக்கென்று ஒரு தற்காலிக அறை போட்டுக்கொண்டு அங்கே பிரிக்கும். பாதியில் எது நடந்தாலும் அந்த அறையை மட்டும் கலைத்துவிட்டுக் கிளம்பிவிடும். எல்லாம் சரியாக வந்தபிறகு கடைசியில் ஒரே ஒரு அசைவு. இதைத்தான் ஓட்டு என்று பழைய பதிப்பைக் காட்டிக்கொண்டிருந்த சுட்டியைத் திருப்பிப் புதியதைக் காட்டவைக்கும். அதற்கு முந்திய நொடிவரை பழையது அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தான் எதையெல்லாம் வைத்தேன் என்று ஒரு பட்டியலும் எழுதி வைத்துக்கொள்ளும். எப்போதாவது எடுக்கவேண்டி வந்தால் அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் எடுக்கும்.

இன்னொரு மதியம் வேறொரு கனவு. புதுவீட்டுக்குக் குடி வந்திருக்கிறாள். அலமாரியைத் திறந்து தன் துணிகளை அடுக்கப் போகிறாள். அலமாரியில் ஏற்கெனவே யாருடைய துணியோ இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. இப்போதுதான் இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள். அவள் தன் துணி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். விழித்த பிறகும் உள்ளங்கையில் அந்தச் சூடு இருந்தது. குடியேறப் போகிற இடத்தில் தெரியாத பொருள் ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு, நூலகரிடம் சொல் என்று எழுதினாள்.

நான்காவது வாரம் சோதித்துப் பார்க்கும் வேலை. பழைய கணினி ஒன்றில், திரையில் வருவதையெல்லாம் வாசித்துக் காட்டும் குரலை நிறுவிக்கொண்டாள். நூலகரும் அந்தக் குரலைத்தான் கேட்பார். கணவர் விழித்துவிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதைவிட நல்ல சோதனையாளர் எங்கே கிடைப்பார் என்று அறைக்கதவைத் திறந்து வைத்து ஸ்கிரிப்டை ஓடவிட்டாள்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்ட, திரையில் # என்ற கட்டக் குறிகள் வரிசையாக வளர்வதுபோல் அவள் செய்திருந்தாள். கண்ணுக்கு அழகாக இருக்கும். இயந்திரக் குரல் அதை, "ஹேஷ் ஹேஷ் ஹேஷ் ஹேஷ்" என்று படிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு விக்கல் எடுக்குது, தண்ணி குடு," என்றார் கணவர் கண்ணைத் திறக்காமல்.

அதை எடுத்தாள். பிறகு ஸ்கிரிப்ட் கேட்கும் கேள்விகள் போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல் இருக்கின்றன என்றார். பெயர் என்ன, இடம் எது, உறுதியா, ஆம் இல்லை. மாற்றி எழுதினாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அது என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்து முடித்ததும் முடித்துவிட்டேன் என்று சொல்லும், இதுவரை எதையும் மாற்றவில்லை என்றால் அதையும் சொல்லும். சாயங்காலம்வரை அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். கடைசித் தடவை ஓடும்போது அவரிடமிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தார். வேலைக்குக் கிளம்ப எழுப்ப வேண்டியதாயிற்று.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். ஆறு முறை, ஆறு வெவ்வேறு இடத்தில். ஒவ்வொரு முறையும் மறுபடி போட்டதும் பழைய பதிப்பு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மேலாளருக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். தெரியாத கோப்பு இருந்தால் நின்றுவிடுவது. சர்வர் என்றால் குப்பை இருக்கத்தான் செய்யும், இது தொட்டதற்கெல்லாம் நின்றால் எல்லா நூலகமும் நம்மைத்தான் கூப்பிடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மற்றவர்கள் செய்வதுபோல் இடத்தைத் துடைத்துவிட்டு வைத்தால் போதுமே என்றார்.

"குப்பையா இல்லையான்னு நமக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் அவள். "அது அவங்க வீடு. அவங்கதான் சொல்லணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருடத்தில் அவள் அவரை எதிர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த ஒரு நூலகத்துக்கு மட்டும் அப்படியே போகட்டும், நின்றால் நீயே பதில் சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டார்.

கோப்பு ஒரு சின்ன வட்டில் தபாலில் போயிற்று. எட்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு நூலகர் கூப்பிட்டார். போடப் போவதாகச் சொன்னார். தொலைபேசியை ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன், நீங்கள் கேட்கலாம், ஆனால் நான் கேட்டால் தவிர வாயைத் திறக்கக்கூடாது என்றார். அவள் சரி என்றாள். கணவர் அப்போதுதான் படுத்திருந்தார். அவள் சமையலறையில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தூரத்தில் ஒரு விசை தட்டும் சத்தம். பிறகு அவள் எழுதிய வரிகள், அவள் குரலே இல்லாத ஒரு குரலில், எங்கோ ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து வர ஆரம்பித்தன.

"முதலில் நான் முழுமையாக இருக்கிறேனா என்று பார்க்கிறேன். முழுமையாக இருக்கிறேன். போதுமான இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. இதுவரை எதையும் மாற்றவில்லை."

அவளுக்கு மறுபடி அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் உணர்வு. ஆறு வாரக் கனவையும் யாரோ உரக்கப் படித்துக்காட்டுவது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் குடியேறப் போகும் இடத்தைப் பார்க்கிறேன்," என்றது குரல். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. "எனக்குத் தெரியாத நூற்று நாற்பத்தாறு கோப்புகள் இங்கே இருக்கின்றன. இவை நான் வைத்தவை அல்ல. நிறுத்திவிட்டேன். எதையும் மாற்றவில்லை."

நின்றேவிட்டது. மேலாளர் சொன்னது சரிதான், குப்பையைப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டது.

"இது என்னது?" என்றார் நூலகர். அவரே மறுபடி, "இருக்கீங்களா?"

"நான் பேசலாமா?"

"பேசுங்க, பேசுங்க."

அந்தக் கோப்புகளின் பெயர்களை எப்படி வாசிக்கச் சொல்வது என்று அவள் சொன்னாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. இயந்திரக் குரல் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அத்தியாயம் ஒன்று என்றது. அத்தியாயம் இரண்டு என்றது. ஏழாவது அத்தியாயத்தில் நூலகர் அதை நிறுத்தினார். இணைப்பு போய்விட்டதோ என்று அவள் தொலைபேசியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது நான் படிச்சது," என்றார் நூலகர்.

தொலைந்துபோன பதினொன்றைத்தான் அவர் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். மூன்று வருடமாக, காலையில் ஏழு மணிக்கு வந்து, நூலகம் திறக்கும்வரை ஒரு மணிநேரம், பிரெயில் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வாசித்திருக்கிறார். ஒன்பது முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். பதிவாகிறதெல்லாம் மற்ற ஒலிப்பதிவுகளோடுதான் போய்ச் சேர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு வாராவாரம் நகல் எடுப்பதுண்டு. பதிவு செய்யும் நிரல் அவரைக் கேட்காமலே பழைய மென்பொருள் இருந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"அப்ப வேற எங்கயும் காப்பி இல்லையா மேடம்?"

"இல்ல."

துடைத்துவிட்டு வைத்திருந்தால் எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. போடாதே என்று அதை அடக்கினாள். அழுகை வந்தது. நூலகர் காது கூர்மையானவர் என்று தெரிந்தும் மூக்கை உறிஞ்சாமல் இருக்க முடியவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன்," என்றார் நூலகர்.

அந்த நூற்று நாற்பத்தாறையும் ஒலிப்பதிவுகளோடு சேர்த்தார்கள். பிறகு இரண்டு வட்டுகளில் தனித்தனியாக நகல் எடுத்தார்கள். முக்கால் மணிநேரம் பிடித்தது. காத்திருந்த நேரத்தில் நூலகர் அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். தணிந்த குரல், அவசரமே இல்லாதது. ஒவ்வொரு வரிக்கும் அடியில் வேறொரு சத்தம், இலைகளின்மேல் யாரோ மெல்ல நடப்பதுபோல. அது தன் விரல் தாளில் உரசும் சத்தம், அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்றார் நூலகர். எடுக்க வழி உண்டு என்று இவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிறகு நூலகர் ஸ்கிரிப்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். இந்தத் தடவை தெரியாதது எதுவும் இல்லை. மூட்டையைப் பிரித்தது, வைத்தது, பட்டியல் எழுதியது, சுட்டியைத் திருப்பியது. முடித்துவிட்டேன் என்றது. நூலகர் ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் கேட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

வைக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை.

"பாக்கி ரெண்டு இருக்கே, அதுக்கு பிரெயில் கிடையாது. அச்சுல மட்டும்தான் இருக்கு. கண்ணு இருக்கறவங்கதான் படிக்கணும்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க படிப்பீங்களா?" என்று கேட்டார்.

அவளுக்கு வாசித்துப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைச் சொன்னாள். அதற்கென்ன, திருப்பித் திருப்பிப் படிக்கலாம் என்றார் நூலகர்.

மறுநாள் அலுவலகம் போய் நடந்ததை மேலாளரிடம் சொன்னாள். அவர் எத்தனை கோப்பு என்று மட்டும் இரண்டாவது தடவை கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். மதியம் எல்லோருக்கும் ஒரு மடல் வந்தது. இனி எல்லா நூலகத்துக்கும் போகிற ஸ்கிரிப்ட் இதுதான், வாடிக்கையாளர் கூப்பிட்டால் பொறுமையாகப் பேசுங்கள் என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் அவள் அந்த நூலகத்துக்குப் போனாள். பேருந்தில் இரண்டு மணிநேரம். வாசலில் நின்ற நூலகர் அவள் நினைத்ததைவிட உயரம் குறைவு. வந்துவிட்டீர்களா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நீண்ட நடையைத் தாண்டிக் கடைசியில் ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கக் கம்பளித் துணி ஒட்டியது. கதவைச் சாத்தியதும் உலகத்தின் சத்தமெல்லாம் வடிந்து, தன் காதுக்குள் இரத்தம் ஓடுவது கேட்டது. மேசையில் விளக்கு, ஒலிவாங்கி, ஓரம் மடங்கிய ஒரு பழைய புத்தகம்.

நூலகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டார். அவள் முதல் வரியைப் படித்தாள். மூன்றாவது வரியில் தடுமாறினாள். "பரவால்ல, அந்த வரியிலேருந்து," என்று காதுக்குள் குரல் வந்தது. திரும்பப் படித்தாள். ஐந்தாறு பக்கம் போனதும் தடுமாறுகிறோமா என்று கவனிக்க மறந்துபோனாள். கதையில் ஒருவர் மழையில் நனைந்துகொண்டே யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருந்தார், அவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ளும் அவசரம் அவளுக்கு. மெதுவாக, மெதுவாக என்றது காதுக்குள் குரல். மதியம்வரை இருபத்தோரு பக்கம் ஆயிற்று.